‘உங்க நேட்டிவ் எது?’

(அரூரில் இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களில் வெளிநாட்டு வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று பேசச் சொன்னீர்கள். கோடிங் தேர்வுக்குத் தயாராவதை யூடியூபில் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். அங்கே சொல்லாததைப் பேசுகிறேன்.

விண்ணப்பத்தின் முதல் கட்டமே பெயர். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. நாம் இனிஷியலோடு நின்றுவிட்டோம். அமெரிக்கப் படிவத்துக்கு இனிஷியல் புரியாது, சர்நேம் கேட்கும். அந்த இடத்தில் அப்பா போய் உட்காருவார். மாதையனும் சின்னப்பையனும் நம்ம பக்கத்தில் பல சாதியிலும் உண்டு. ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்ததும் அங்கிருக்கும் இந்திய மேனேஜர் ஊகிக்கத் தொடங்கிவிடுவார். வெள்ளைக்காரருக்கு ஒன்றும் தெரியாது.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு ஆய்வு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெலும் 2005-06இல் இந்தியத் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். மொத்தம் 4,808. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு. அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் எச்.ஆர். அதிகாரிகளைச் சந்தித்தார்கள். சாதி பார்ப்பதில்லை என்றார்கள், திறமைதான் என்றார்கள். ஆனால் நேர்காணலில் ‘குடும்பப் பின்னணி’ கேட்பார்களாம்!

அடுத்தது ரெஃபரல். உள்ளே இருப்பவர் ஒருவர் உங்கள் பெயரைக் கொடுத்தால் ரெஸ்யூமே மனிதக் கண்ணில் படும் வாய்ப்பு கூடும். விதியில் சாதி இல்லை. ஆனால் யாருக்கு யாரைத் தெரியும்? ஐ.ஐ.டி. சீனியர், அத்தை மகன், அதே அபார்ட்மென்ட். மொரப்பூரில் ரயிலேறிப் போன முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு உள்ளே எந்தச் சித்தப்பா இருக்கிறார்?

சரி, நுழைந்துவிட்டோம் என்று வையுங்கள். 2020 ஜூன் 30 அன்று கலிஃபோர்னியா மாநில அரசின் துறையே சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவர் இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவர் என்று, அங்கேயே படித்த மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொல்லிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. புகார் செய்த பிறகு ஒதுக்கப்பட்டார் என்றும், சாதிப் பாகுபாடு சட்டவிரோதமல்ல என்று நிறுவனத்துக்குள் பதில் வந்தது என்றும் வழக்கு சொன்னது. நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில் இரண்டு அதிகாரிகள் மீதான வழக்கை அரசு கைவிட்டது. நிறுவனத்தின் மீதானதைக் கைவிடவில்லை. கூகுளில் 2022 ஏப்ரலில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேசுவதாக இருந்த கூட்டம், ஊழியர்கள் சிலர் எதிர்த்ததால் ரத்தானது. ஏற்பாடு செய்த தனுஜா குப்தா ராஜினாமா செய்தார்.

‘புகார் கொடுக்க வேண்டியதுதானே’ என்று கேட்கலாம். எச்-1பி விசா முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் கடன், வீட்டில் கட்டவேண்டிய தவணை. இந்த 60 நாளை வைத்துக்கொண்டு எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? (2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து எடுக்கும் புதிய எச்-1பிக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ட்ரம்ப் அறிவித்தது தனிக்கதை.)

ஆகவே ஆஃபர் வந்தால் சம்பளத்தோடு இன்னொன்றையும் பாருங்கள்: வேலை எந்த ஊரில்? 2023 பிப்ரவரி 21 அன்று, க்ஷமா சாவந்த் கொண்டுவந்த சட்டத்தால், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது சியாட்டில். அமேசான் தலைமையகம் அங்கேதான். ஏரிக்கு அக்கரையில் ரெட்மண்ட், மைக்ரோசாஃப்ட் இருக்கும் ஊர். அந்த நகரச் சட்டம் அங்கே செல்லாது. கலிஃபோர்னியா முழுமைக்குமான மசோதாவை, இருக்கிற சட்டமே போதும் என்று ஆளுநர் நியூசம் 2023 அக்டோபரில் நிராகரித்தார். ஆப்பிளும் ஐ.பி.எம்.மும் தங்கள் ஊழியர் விதிகளில் சாதியைச் சேர்த்திருக்கின்றன. உங்களைக் கூப்பிடும் நிறுவனத்தின் விதியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

ரெஃபரலுக்கு நமக்கென்று ஒரு பட்டியல் வேண்டும். சென்னை, பெங்களூரு, டப்ளின், சிங்கப்பூர் என்று நம் ஆட்கள் இப்போது பல நிறுவனங்களில் இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் இருக்கிறார்கள், பலர் ஒளிந்தும் இருக்கிறார்கள். ஒளிந்திருப்பவரை அம்பலப்படுத்தாமல் எப்படித் தொடர்பு வைத்துக்கொள்வது என்பதைத்தான் இன்று பேச வேண்டும். ரெஸ்யூமே கொண்டுவந்தவர்கள் அதை மேசையில் வையுங்கள், அங்கிருந்து ஆரம்பிப்போம்.