சம்பளச் சீட்டைப் படம் எடுத்துப் போடுமுன்

(வஹகோட்டை அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முன்பு துண்டுப்பிரசுரம் அடித்தோம், இப்போது முகநூலில் போடுகிறோம். நல்லதுதான். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வந்தது எவ்வளவு என்று ஊருக்குக் காட்டச் சம்பளச் சீட்டையே போடத் தோன்றும். போடுங்கள். ஆனால் பெயரையும் சேமலாப நிதி இலக்கத்தையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

அடையாள அட்டையை ஒருபோதும் போட வேண்டாம். பழைய அட்டையில் 85612 என்று இலக்கம் தொடங்கினால், அது 1985இல் பிறந்த ஒரு பெண். பெண்களுக்கு நாள் கணக்கோடு 500 கூட்டுவார்கள். 612இல் 500 போக 112ஆவது நாள், அதாவது ஏப்ரல் 21. இதைத் தெரிந்தவன் "வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் பிறந்த திகதி இதுதானே அம்மா?" என்று ஆரம்பித்தால் நாம் நம்பிவிடுவோம்.

போராட்டப் படத்திலும் கவனம் வேண்டும். துரைமாரிடமும் போன் இருக்கிறது. முன்னால் நிற்கும் பிள்ளை கைக்காசு வேலை செய்பவளாக இருந்தால், நாளைக்கு அவளுக்கு வேலை இல்லை என்பது சுலபம். கேட்டுவிட்டுப் போடுங்கள். பதாகை தெரிந்தால் போதும், முகம் தெரிய வேண்டியதில்லை.

சொல்லும் ஆளை மாட்டிவிடும். கட்டுகஸ்தோட்டை ரம்ஸி ராசீக் ஓய்வுபெற்ற அரச ஊழியர், இனவாதத்தை எதிர்த்து எழுதியவர். பேனாவாலும் விசைப்பலகையாலும் சிந்தனை ஜிஹாத் செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரலில் முகநூலில் எழுதினார். பேனாவை விட்டுவிட்டு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். கைதாகி ஐந்து மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவருடைய உரிமை மீறப்பட்டது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. அந்த ஐந்து மாதத்தை யார் கொடுப்பது? இப்போது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. அதற்காக வாயை மூடச் சொல்லவில்லை. திகதி, இடம், தொகை எழுதுங்கள், வசை வேண்டாம். போடுமுன் இன்னொருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஜூனில் அந்தோனியார் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய் அங்கிருந்தே நேரலை போடுகிறோம். லயத்துக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது என்று சொல்வதும் அதுதான். வீடு வந்து போட்டால் படம் ஒன்றும் பழசாகிவிடாது.

கடைசியாக வாட்ஸ்அப். போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், சொந்தத் தம்பி பெயரில் கேட்டாலும், கொடுக்காதீர்கள். கொடுத்தால் உங்கள் பெயரிலேயே மரண உதவிச் சங்கக் குழுவில் காசு கேட்பான். கணக்குப் பறிபோனால் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101க்கு அழையுங்கள். அமைப்புகளில் "இரண்டு படிச் சரிபார்ப்பு" இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் இளைஞர்கள் அம்மாமாருக்கு அதைப் போட்டுக் கொடுங்கள். இரகசிய இலக்கத்தை அவர்களே அழுத்தட்டும், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள்.