பழுதின் காரணம் காண்போம்

(வெள்ளி விழாவையொட்டி இளைஞர்களிடையே நிகழ்த்திய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் பழைய கார்களின் பழுதுகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. அண்ணல் அம்பேத்கர் 1942 அக்டோபரில் வைசிராயிடம் அளித்த கோரிக்கை மனுவில், பட்டியல் வகுப்பு மாணவர்க்கு அறிவியல், தொழில்நுட்ப உயர்கல்விக்கான உதவித்தொகையைக் கேட்டார். அத்துடன், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் தொழில் பழகும் இடங்களையும் கேட்டார். உழைப்பதற்கு நம் மக்களை எவரும் தடுத்ததில்லை. அவ்வுழைப்பின் காரணத்தைக் கற்பதற்கே தடை இருந்தது. இன்றும் பட்டறைகளில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கவும், கழற்றிய பாகங்களைக் கழுவவும் நம் பிள்ளைகள் நிற்கின்றனர். பழுது இன்னது என எடுத்துரைக்கும் இடத்திலும் அவர்கள் நிற்றல் வேண்டும்.

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய பெட்ரோல் எஞ்சினில் கணினி ஏதும் இல்லை. யாவும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஆதலால் தொழில் கற்போர்க்கு அது நல்லதொரு பாடசாலை. அந்த எஞ்சின் ஓடுவதற்கு வேண்டியவை மூன்று: உரிய நேரத்தில் மின்பொறி, உரிய அளவில் பெட்ரோலும் காற்றும், சிலிண்டருக்குள் போதிய அழுத்தம். ஓடாத எஞ்சினில் இவற்றுள் ஒன்றேனும் குறைந்திருக்கும். எது எனக் கண்ட பின்னரே பாகங்களில் கை வைத்தல் வேண்டும்.

முதலாவது, ஸ்டார்ட்டர் சுழலாமல் 'டக்' என்னும் ஒலியோடு நின்றுவிடுகிறது என வைத்துக்கொள்வோம். "பேட்டரி போய்விட்டது" என்று உடனே சொல்லிவிடுவர். முழு மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் இருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அவ்வளவு இருந்தும் ஸ்டார்ட்டர் சுழலவில்லையெனில், பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பையும், எஞ்சினை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் பட்டையையும் பாருங்கள். பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே மீட்டரை வைத்து ஸ்டார்ட்டரை இயக்குங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் அந்த இணைப்பில் உள்ளது. சுத்தம் செய்து இறுக்கினால் தீரும் பழுதுக்குப் புதிய பேட்டரி வாங்கச் செய்வது, வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவரின் பல நாள் உழைப்பைப் பறிப்பதாகும்.

இரண்டாவது, ஸ்டார்ட்டர் சுழன்றும் எஞ்சின் பிடிக்கவில்லை. பெட்ரோல் கசிவு இல்லையென உறுதி செய்துகொண்டு, ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு இணைத்து, அதன் உலோக உடல் எஞ்சினில் படும்படி வைத்து, கையால் தொடாமல் சோதிக்க வேண்டும். பொறி நீலமாய்ப் பளிச்சிட்டால் பெட்ரோல் வரும் வழியை ஆராயலாம். மஞ்சளாய் மெலிந்திருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்ட்டைப் பார்க்க வேண்டும். அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் நலம். பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருந்தால், பெரும்பாலும் கண்டென்சரே காரணமாயிருக்கும். பாயிண்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் கருகும்.

மூன்றாவது, கோடை வெயிலில் வண்டி இடைவழியில் நின்றுவிடுகிறது. பெட்ரோல் பம்பின்மீது ஈரத்துணி சுற்றுவது நம் ஓட்டுநர்கள் அறிந்த உபாயம். சூட்டினால் ஆவியான பெட்ரோல் குளிர்ந்து மீண்டும் திரவமாகிறது, வண்டி புறப்படுகிறது. ஆயினும் சூடு மிகுந்தது ஏன் என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது. பேன் பெல்ட் தளர்ந்ததா, ரேடியேட்டர் அடைபட்டதா எனப் பார்ப்பவரே தொழில் அறிந்தவர்.

புகையும் பழுதை உரைக்கும். கரும்புகை பெட்ரோல் மிகுதியையும், நீலப்புகை எண்ணெய் எரிவதையும் காட்டும். வெண்புகை ஓயாதிருந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டை ஐயுற வேண்டும். எஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறவாதீர். மின்னேற்றம் பெறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும்; அதனருகே தீக்குச்சி கிழிக்காதீர்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அதுவே பட்டறைக்கும் நெறி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கழற்றிய பாகத்தை வண்டிக்காரரிடம் காட்டிக் காரணம் சொல்லுங்கள். இன்றைய வண்டிகளில் கணினி ஒரு குறியீட்டைக் காட்டும். ஆயினும் அறுந்த வயரையோ துருப்பிடித்த இணைப்பையோ தேடிக் காண்பது மனிதனே. ஆதலின் இக்கல்வி வீண்போகாது.

நம்மிடையே தேர்ந்த மெக்கானிக்குகள் பலர் உள்ளனர். அவர்கள் வேலையோடு காரணத்தையும் சேர்த்துக் கற்பிக்க முன்வர வேண்டும். நம் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் "ஏன்?" என்று அஞ்சாது கேட்க வேண்டும். அக்கேள்வி எழும் பட்டறையும் நம் சங்கத்தின் பள்ளியே ஆகும்.