கட்டணம் இறங்கியது; படி இறங்கவில்லை!

(காஞ்சிபுரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தலைவர் அவர்களே! தாய்மார்களே! தறியோசையைத் தாலாட்டாய்க் கேட்டு வளர்ந்த காஞ்சித் தோழர்களே!

வைகாசியிலே வரதர் கருடன்மீது பவனி வருகிறார். தூக்கிச் செல்லத் தோள்கள் இருக்கின்றன. அதைச் சலுகை என்று எவரேனும் சொல்வதுண்டா? சேவை என்கிறோம்! ஆனால், காலமெல்லாம் குழித்தறியிலே அமர்ந்து, மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்த முதியவர் பேருந்துக்காக வந்து நின்றால், அவருக்குத் தருவதை மட்டும் சலுகை என்கிறோம். பிறர் மேனியிலே பட்டு மின்னத் தன் காலைத் தந்தவர் கேட்பது பிச்சையா? இல்லை தோழர்களே, பாக்கி!

நடந்த நன்மையை மறைப்பவனல்லன் நான். 2021ஆம் ஆண்டிலே தமிழக அரசு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் தந்தது. அதே ஆண்டிலே திருநங்கையர்க்கும், மாற்றுத்திறனாளிகட்கும், அவர்க்குத் துணைவரும் ஒருவர்க்கும் அது விரிந்தது. துணைவருபவரையும் எண்ணிப் பார்த்தார்களே, அது இதயமுள்ள செயல்!

ரயில்வேயைப் பாருங்கள். 60 வயது நிரம்பிய ஆடவர்க்கு 40 விழுக்காடும், 58 நிரம்பிய மகளிர்க்கு 50 விழுக்காடும் குறைத்துவந்தார்கள். 2020 மார்ச் 20இல் தொற்றுநோயைக் காட்டி நிறுத்தினார்கள். நோய் தணிந்தது, நின்ற வண்டிகள் ஓடின, நின்ற சலுகை மட்டும் 2025 மார்ச்சிலே ஐந்தாண்டு நிறைந்தபோதும் வந்து சேரவில்லை! கேட்டால், பயணிகள் அனைவர்க்கும் மானியம் தருகிறோமே என்கிறார்கள். காளைக்கும் கிழவர்க்கும் ஒரே ஏணியைக் காட்டி, ஏறிக்கொள்க என்பது சமநீதியாகுமா?

கட்டணம் குறைந்தால் காரியம் முடிந்ததா? அதுவும் இல்லை. சீட்டு இலவசம், படியோ எட்டாத உயரம்! கையிலே அட்டை இருக்கிறது, காலிலே வலுவில்லை, வண்டி போய்விடுகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 41ஆம் பிரிவிலே, அவர்கள் ஏறத்தக்க ஊர்திகள் வேண்டும் என்கிறது. ஆனால், பழைய வண்டிகளைத் திருத்துவதற்கு, தொழில்நுட்பத்துக்கு இயன்றால், செலவு தாங்கினால் என்று நிபந்தனை போடுகிறது. இரண்டு ‘ஆல்’! அந்த ஆல நிழலிலே அதிகாரம் இளைப்பாறுகிறது. வெயிலிலே நிற்பவர் ஊன்றுகோலோடு நிற்கிறார்!

இயலாத காரியமா? 2024 ஆகஸ்டிலே சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் புறப்பட்டனவே! சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் விரிந்ததே! சென்னைக்கு இயன்றது, பிள்ளையார்பாளையத்து நெசவாளர்க்கும் இயன்றாக வேண்டும்.

தோழர்களே! மேடைக்குக் கைதட்டியது போதும். தெருவுக்குக் கை கொடுங்கள். உங்கள் தெருவிலே அட்டை பெறாதவர் யார், படியேற முடியாமல் வீட்டோடு முடங்கியவர் யார் என்று கண்டறியுங்கள். அட்டை வாங்கித் தாருங்கள். தாழ்தளப் பேருந்து கேட்டு மனு எழுதுங்கள். அது வரும்வரை, நிறுத்தத்திலே நம் தோள் இருக்கட்டும்!