கட்டட வேலைத் தளத்தில் நான் படித்த ஒரு மாதம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், உறுப்பினர் ஒருவரின் மகள் பேசியது)



என்னைப் பேசச் சொன்னதும் பயமாகத்தான் இருந்தது. "நீ காலேஜ்ல என்ன படிச்சேன்னு சொல்லு, போதும்"னு ஊக்குநர் அக்கா தைரியம் சொன்னாங்க. நான் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. முதல் வருஷக் கட்டணம் நம்ம குழுவின் உள்கடனில் கட்டியது. தீர்மான நோட்டில் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் பாதிப்பேர் இங்கே இருக்கிறீர்கள். அதனால் கணக்கு சொல்ல வேண்டியது என் கடமை.

எங்கள் படிப்பில் இன்டர்ன்ஷிப் என்று ஒன்று உண்டு. வேலை நடக்கிற இடத்துக்கே போய்ப் பழக வேண்டும். எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு மாதம் கிடைத்தது. தினமும் காலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி இறங்குவேன். இரண்டாவது தளத்தில் நின்றால் ராஜகோபுரம் தெரியும். 13 நிலை, 236 அடி. பல நூறு வருஷம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது, 1987ல்தான் முழுசாகிக் கும்பாபிஷேகம் கண்டது.

முதல் நாள் வெள்ளை ஹெல்மெட்டும் நோட்டுப் புத்தகமுமாக நின்றேன். அங்கே இருந்த பெண்கள் மொத்தம் ஒன்பது பேர். எட்டுப் பேர் சித்தாள். ஒன்பதாவது நான். என் அம்மாவும் 14 வருஷமாகச் சித்தாள்தான் என்று அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கான்கிரீட் போடும் நாள் வந்தது. ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. அதற்கு எவ்வளவு ஜல்லி, எவ்வளவு மணல், எத்தனை லிட்டர் தண்ணீர் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். மதிய வெயிலில் கலவை இறுகுகிறது என்று ஒருவர் இரண்டு வாளி தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினார். நான் எழுதிக்கொண்டு நின்றேன். மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா பாண்டைக் கீழே வைத்துவிட்டு, "கஞ்சி மாதிரி ஊத்தாதீங்க, நாளைக்கு உதிரும்" என்றார். சைட் இன்ஜினியர் கூம்பு வைத்துச் சோதித்துப் பார்த்தார். கலவை சரிந்து பரவியது. அந்தக் கலவையை ஒதுக்கினார்கள். தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்று எனக்குப் பரீட்சைக்குத் தெரியும். அந்த அக்காவுக்குக் கண்ணாலேயே தெரிந்தது.

ஆனாலும் அவர் சித்தாள். கொத்தனார் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. 11 வருஷம் கழித்தும் அதே சும்மாடு, அதே பாண்டு. அவரோடு சேர்ந்து வேலைக்கு வந்த பையன் பெரியாளாக இருந்து, கரணை பிடித்து, இன்றைக்குக் கொத்தனார். ஒருநாள் எண்ணினேன். செங்கல் ஒன்று ஏறக்குறைய 3 கிலோ. நடைக்கு 8 செங்கல். மதியச் சாப்பாட்டுக்குள் 60 நடை. ஒன்றரை டன் கிட்ட வருகிறது. அதுவும் படியேறி!

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பெண்கள் கூட்டம் என்பதால் கூச்சமில்லாமல் சொல்கிறேன். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் எல்லோரும் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நானும் குடிக்கவில்லை. இரண்டாவது வாரமே நீர்க்கடுப்பு வந்துவிட்டது. கட்டடத் தொழிலாளருக்காக 1996ல் வந்த சட்டம் குடிதண்ணீரும் கழிப்பறையும் தர வேண்டும், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் பிள்ளைகளுக்குக் காப்பறை வேண்டும் என்றது. நாங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து போய்க் கேட்டோம். நாலு நாளில் தகரம் அடித்து ஒரு கழிப்பறை வந்தது. தனித்தனியாக அத்தனை நாள் கேட்டபோது வரவில்லை.

மூன்றாவது வாரம் சாரத்துப் பலகை நழுவி அந்த அக்கா விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். மேஸ்திரி கையில் இருந்ததைக் கொடுத்தார். "நலவாரிய அட்டை இருக்காக்கா?"ன்னு கேட்டேன். "அது எதுக்கு, எங்க வாங்கணும்?"னு கேட்டார்.

அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். அம்மாவிடமும் இல்லை.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994ல் வந்தது. கட்டடம் கட்டுகிறவர்களிடம் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் அதற்காக வசூலிக்கிறார்கள். நாம் சுமக்கிற கல்லுக்காக எடுத்து வைக்கிற பணம் அது. 18 முதல் 60 வயதுக்குள் இருக்கிற சித்தாளும் பதியலாம். விபத்து, மகப்பேறு, பிள்ளைகளின் படிப்பு, திருமணம், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. அட்டை இருந்தால் எல்லாம் தானாகக் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அலைய வேண்டியிருக்கும். ஆனால் அட்டை இல்லாதவர் விண்ணப்பமே போட முடியாது. என் படிப்புக்கே அம்மா உதவி கேட்டிருக்கலாம். தெரியாமல் போய்விட்டது.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் கிராமங்களில் கழிப்பறை கட்டக் கொத்தனார் போதவில்லை. நம்மைப் போன்ற சுயஉதவிக் குழுப் பெண்கள் பயிற்சி எடுத்துக் கரணை பிடித்தார்கள். அவர்களுக்கு 'ராணி மிஸ்திரி' என்றே பேர். ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம திருச்சியிலேயே சமுதாயக் கழிப்பறைகளை மகளிர் குழுக்கள் எடுத்து, கணக்கெழுதி நடத்துகிறார்கள். நடத்தத் தெரிந்தவர்களுக்குக் கட்டத் தெரியாதா?

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, நம்ம கூட்டமைப்பில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், அட்டை இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த கூட்டத்திலேயே குழுவாரியாகப் பட்டியல் எடுப்போம். விண்ணப்பம் நிரப்பும் வேலையை நான் செய்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன். இரண்டு, அட்டை இருக்கிறவர்கள் புதுப்பிக்கும் தேதியைப் பாருங்கள், காலாவதியாகிக் கிடக்கும். மூன்று, கொத்தனார் பயிற்சி கேட்டு மகளிர் திட்டத்துக்கு ஒரு தீர்மானம் போடுவோம்.

கடைசி நாள் அந்த அக்கா கையில் கட்டோடு கூலி பாக்கி வாங்க வந்தார். அப்போதுதான் சொன்னேன், "எங்கம்மாவும் சித்தாள்தாங்க்கா." அவர் சிரித்தார். "நீ பாண்டு தூக்கி விட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்டி" என்றார்.

அம்மா விண்ணப்பம் போன வாரம் போட்டாச்சு. அந்த அக்காவுக்கும் சேர்த்துத்தான். மற்றவர்கள் ஆதார் அட்டையும், ரேஷன் கார்டும், வங்கிப் புத்தகமும், போட்டோவும் எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்.