கோர்ட்டு ஏறுமுன்

(வண்ணார்பேட்டையில் நம் சமூகத்து இளம் வக்கீல்கள் முன்னர்ச் செய்த பிரசங்கம்)

 

வாக்கு வன்மையே வக்கீலுக்கு முதல் என்று நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். யான் அங்ஙனம் கருதுகின்றிலேன்.

1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தூத்துக்குடியிலும் நம் தாமிரபரணிக் கரையிலும் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் பேசிய பேச்சுக்களே அவர்கள்மீது இராஜத்துரோக வழக்காயின. தாமே வக்கீலாயிருந்த அவர்களுக்குத் திருநெல்வேலியில் பின்ஹே துரை ஜூலை 7-ல் ஆயுட்காலத் தீபாந்தர தண்டனை விதித்தார். ஐகோர்ட்டு அதனைக் குறைத்தது. பேச்சோ தமிழ். எழுதி வைத்தோர் போலீசார். தமிழ்ச் சுருக்கெழுத்து அவர்களுக்கு அன்று கைவரவில்லை. பேசியது யாது என்னுமுன், எழுதியவர் யார், எப்பொழுது எழுதினார், எத்துணை நினைவிலிருந்து எழுதினார் என்றன்றோ வக்கீல் வினவவேண்டும்!

இன்றும் அதுவே. புலன்விசாரணையில் சாட்சி சொன்னதைப் போலீசார் எழுதுவர், சாட்சி கையொப்பமிடுவதில்லை. அதனைக்கொண்டு அவரை முரண்படுத்த விரும்பின், முரணான பகுதியை முன்னர் அவர்க்கே சுட்டிக்காட்டல் வேண்டும். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் நீங்கி, 2024 ஜூலை 1 முதல் புதுச்சட்டம் வந்தும் இவ்விதி மாறிற்றில்லை. குறுக்கு விசாரணையன்று அவ்வரிகளைத் தேடுவோர் தேடிக்கொண்டேயிருப்பர். நீதிபதி கடிகாரத்தைப் பார்ப்பார்.

யானும் குற்றவாளியே. வரப்பு வழக்கொன்றில் நிலத்தை நேரிற் பாராது கோர்ட்டேறினேன். “வாய்க்கால் மேற்கேதானே?” என்றேன். “ஐயா அந்தப் பக்கம் வந்ததேயில்லை போலும்” என்றான் எதிர்ச்சாட்சி. கோர்ட்டு நகைத்தது. எம் கட்சிக்காரர் நகைக்கவில்லை. அரைக்கோட்டை விதைப்பாடு அவர்க்கு அன்றே போயிற்று.