கைவிடப்பட்ட கருவியும் பத்து இராகங்களும்

சவ்வாது மலையில் நான் ஆசிரியப் பணி ஆற்றிய காலத்தில், மேசையைத் தட்டித் தாளமிட்ட சிறுவன் ஒருவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. மேளத்தில் அவன் கைதேர்ந்தவன் என்பதைப் பின்னரே அறிந்தேன். அண்மையில் ஓர் இசைத்தட்டின் வரலாற்றை அறிந்தபோது அவன் நினைவு வந்தது.

1981ஆம் ஆண்டில் ஜப்பானிய ரோலண்டு நிறுவனம் டிபி-303 என்னும் சிறு மின்னிசைக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. பேஸ் கிட்டாருக்கு மாற்றாக அமையும் என எண்ணினர், அமையவில்லை. 1984இல் உற்பத்தி நின்றது. பின்னர் மலிவாகக் கிடைத்த அதனைச் சிகாகோ இளைஞர் சிலர் வாங்கி, திருகுகளை மனம்போல் திருப்பினர். நெளிந்தெழுந்த அவ்வொலியே ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் இசையாயிற்று. 1988இல் மான்செஸ்டர் நகரத்து ‘808 ஸ்டேட்’ குழுவினர் ‘நியூபில்ட்’ என்னும் இசைத்தட்டை அவ்வழியில் ஆக்கினர். 808 என்பதும் ரோலண்டு தாளக் கருவி ஒன்றன் எண்ணே.

வியப்பு யாதெனில், 1982ஆம் ஆண்டிலேயே பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் அவ்விரு கருவிகளையும் கொண்டு பைரவ், யமன் முதலிய பத்து இராகங்களை இசைத்துத் தட்டாக வெளியிட்டிருந்தார். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் 303இன் இயல்பு நம் இராகங்களுக்கு நன்கு இசைந்தது. எனினும் அன்று அதனை விரும்பிக் கேட்டோர் சிலரே. 2010இல் மறுபதிப்பு வந்த பின்னரே பிற நாட்டார் அவரைப் போற்றினர். 2015இல் அவர் மறைந்தார்.

ஆசிரியப் பெருமக்களே! நம் அளவுகோலுக்கு அடங்காததைப் பயனற்றது எனத் தீர்ப்பதற்கு முன் சற்றே செவிசாய்ப்போம். அச்சிறுவனின் தாளத்தைக் கேட்கும் வாய்ப்பு எனக்கு மீண்டும் வரவில்லை.