குடலின் உள்மதில்

இன்று மகேசுவர பூசையில் நாம் உண்ட அமுது இந்நேரம் சிறுகுடலைச் சேர்ந்திருக்கும். அக்குடலின் உட்புறத்தைப் போர்த்துள்ள படலம் எத்துணைக் கனமுடையது? ஓர் உயிரணுவின் கனமே. அவ்வணுக்களோ குழிகளிற் பிறந்து, மேலேறி, மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் உதிர்வன. மதிற்கல் ஒன்று பெயர்ந்தால் பகைவர் புகுவர். இங்கே நாள்தோறும் கோடிக்கணக்கான கற்கள் பெயர்கின்றன. ஆயினும் குடலிலுள்ள கிருமிகள் குருதியிற் புகவில்லை.

இத்தகைய படலங்களில் மடியும் அணு வாளா மடிவதில்லை. ஜோடி ரோசன்பிளாட் என்னும் அம்மையாரும் உடனாய்ந்தோரும் 2001ஆம் ஆண்டு இதனை விளக்கினர். சாகும் அணு தன் அயலார்க்கு முன்னரே குறிப்பு விடுக்கிறது. (சொல்லிவிட்டுப் போகும் இவ்வொழுங்கு நம் இல்லங்களிலேயே அருகிவிட்டது, அது நிற்க.) அயலணுக்கள் ஆக்டின், மயோசின் என்னும் புரதங்களால் அதனைச் சூழ வளையமிட்டு, சுருக்குப்பையின் வாயை இழுப்பதுபோல் இறுக்குகின்றன. இறப்பது மேலே தள்ளப்படும்போதே அடியில் அவை ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. நெரிசல் மிக்கவிடத்து, உயிருள்ள அணுவே வெளித்தள்ளப்பட்டுப் பின்னர் மடிவதும் உண்டு.

குடல் அழற்சி நோயுற்றார் சிலரிடத்தோ அணுக்கள் அளவுமீறி உதிர்கின்றன. அயலார் அடைக்குமுன் இடைவெளி விழுகிறது. அவ்வழியே கிருமியும் நஞ்சும் உட்புகுகின்றன.